முதல் ஓலை வாசித்த ஞாயிறு

குளுவாங் ஊர்ச் சர்ச்சில் அன்று காலைதான் எவ்லினுக்கும் ரேமண்டுக்கும் முதல் கல்யாண ஓலை வாசித்தார்கள். தடை ஏதும் தெரிந்தவர்கள் ஃபாதரிடம் சொல்லலாம் என்று வழக்கம்போல முடிந்தது. இன்னும் இரண்டு ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும். அதற்குள் ரேமண்ட் வீட்டு மத்தியானச் சாப்பாட்டு மேசையில், வருங்கால மாமியார் டொரத்தியின் கண்ணெதிரே, எவ்லினின் கைப்பையிலிருந்து மாத்திரை அட்டை விழுந்து தொலைத்தது.

டொரத்தி எடுத்துப் புரட்டிப் பார்த்தார்.

"இது புள்ள தங்காம இருக்கப் போடுற மாத்திரையாச்சே?"

எவ்லின் அட்டைக்குக் கையை நீட்டினாள். ரேமண்ட் முந்திக்கொண்டான்.

"விட்டமின்லா, மம்மி."

அடப்பாவி! எல்லாம் தெரிந்தவன். மாதவிலக்குக்கு முந்தின வாரமானால், முப்பத்தொரு வயதிலும் அவள் தாடையோரம் வலியோடு பருக்கள் கிளம்புவதைப் பார்த்தவன். உடம்புச் சூடு, எண்ணெய்ப் பலகாரம் என்று ஆளுக்கு ஒன்று சொல்ல, அவளும் முகத்தைத் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்டாள். ஸ்கூடாய் ஊரிலிருந்த கிளினிக்குக்குக் கூட்டிப்போனதே ரேமண்ட்தான். தேய்த்தால் போகாது, ஹார்மோன் சமாச்சாரம் என்று டாக்டர் சொன்னபோது பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினான்.

இப்போது அவளும் தலையாட்டிவிட்டால் போதும், கல்யாணம் தப்பிவிடும். ஆனால் பொய்யோடுதான் இந்த வீட்டுக்குள் வர வேண்டும்.

"விட்டமின் இல்ல ஆன்ட்டி. நீங்க சொன்ன மாத்திரைதான். டாக்டர் முகப்பருவுக்குக் குடுத்தாங்க."

"பருவுக்கா? யாருகிட்ட கதை விடுற?"

"கதை இல்ல ஆன்ட்டி. கிரீம் மட்டும் போட்டுக் கேக்கல. பிரஷர் பாத்து, ஒத்தத் தலைவலி இருக்கான்னு கேட்டு, அப்புறந்தான் குடுத்தாங்க. அடங்க ரெண்டு மூணு மாசம் ஆகும்னாங்க. இப்பதான் அடங்குது."

"நாளைக்குப் புள்ள வேணும்னா?"

"டாக்டர்கிட்ட சொல்லி நிப்பாட்டிக்கலாம். இதப் போட்டதால புள்ள பொறக்காமப் போயிடாது."

டொரத்தியின் முகம் இறுகியே இருந்தது. இப்போதே ஃபாதருக்குப் போன் போட்டுவிடுவாரோ என்று எவ்லின் பயந்தாள். ஆனால் அவர் மகன் பக்கம் திரும்பினார்.

"இவ சொல்றது நெசமாடா?"

ரேமண்ட் தட்டிலிருந்த கோழிப் பிரட்டலைக் கிளறினான்.

"நெசந்தான் மம்மி. கார்லயே உக்காந்து போட்டுக்கன்னு சொன்னேன். இவதான் கேக்கல."

எவ்லினுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பருவோடு இருந்த முகத்துக்குக்கூட இவன் இப்படி வெட்கப்பட்டதில்லையே! நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

"அடுத்த ஓலை வேணாம் ஆன்ட்டி. நானே ஃபாதர்கிட்ட சொல்லிடுறேன்."

"அத நீ யோசிச்சு முடிவு பண்ணு. நான் குறுக்க வர மாட்டேன்." டொரத்தி மாத்திரை அட்டையையும் தண்ணீர்க் குவளையையும் அவள் பக்கம் நகர்த்தினார். "இப்ப உக்காந்து சாப்பிட்டு, மாத்திரையப் போடு."

பிறகு ரேமண்டின் தட்டைத் தூக்கி அவன் கையில் திணித்தார்.

"நீ போயி கார்ல உக்காந்து சாப்பிடு."