ஒரு சாண் எட்டாத கேபிள்

ஆஸ்பத்திரியின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்பவள் அவள். அங்கேயே எலக்ட்ரீஷியனாக இருப்பவர் அவளுடைய அக்காவின் கணவர்.

தீவிர சிகிச்சைப் பிரிவின் மானிட்டர்களை நர்ஸ் மேசைத் திரையோடு இணைப்பது ஒரு நெட்வொர்க் சுவிட்ச். அதற்கு இரண்டு பவர் சப்ளைகள் உண்டு. ஒன்று போனால் மற்றது தாங்கும், ஆனால் இரண்டையும் வெவ்வேறு மின் லைனில் செருகியிருக்க வேண்டும். பொருத்திய அன்று இரண்டாவது கேபிள் ஒரு சாண் எட்டவில்லை. நீளமானது வந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்று இரண்டையும் முதல் லைனிலேயே செருகிவிட்டாள். இரண்டு விளக்கும் பச்சையாகத்தான் எரிந்தன. பச்சையாக எரிகிற எதையும் யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? இரண்டு வருடம் ஓடிவிட்டது.

போன செவ்வாய்க்கிழமை காலையில், முதல் லைனின் யுபிஎஸ் பேட்டரியை மாற்றுவதற்காக அக்காவின் கணவர் போன் செய்தார்.

"முதல் லைனை அணைக்கட்டுமாம்மா?"

"தாராளமா அணைங்க மாமா. ரெண்டு சப்ளை இருக்கு, ஒண்ணும் ஆகாது."

நர்ஸ் மேசைத் திரை ஒன்பது நிமிடம் இருண்டு கிடந்தது. நான்காம் படுக்கையில் இருந்த பஸ் டிரைவரின் இதயம் அந்த நேரத்தில் நின்றுபோனது. எப்படியும் பிழைத்திருக்க மாட்டார் என்றார் டாக்டர். அதைத் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

விழுந்தடித்து ஓடியவள், முதல் வேலையாக ஓர் எக்ஸ்டென்ஷன் பெட்டியை இழுத்து இரண்டாவது கேபிளை அடுத்த லைனில் செருகினாள். மறைப்பதற்காகச் செய்யவில்லை, திரை உயிர்பெற வேண்டும் என்றுதான் செய்தாள். ஆனால் அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. பயம்தான், வேறென்ன.

விசாரிக்க வந்தவர்கள் நெட்வொர்க் சுவிட்ச் இருந்த அலமாரியைத் திறந்து பார்த்தார்கள். கேபிள்கள் இருக்க வேண்டியபடியே இரண்டு லைனில் இருந்தன. அப்படியானால் எலக்ட்ரீஷியன் இரண்டு லைனையும் அணைத்திருக்க வேண்டும் என்று முடிவுகட்டினார்கள். அவரும் இல்லையென்று சொல்லவில்லை.

நான்காம் நாள் அவள் அக்கா வீட்டுக்குப் போனாள்.

"உள்ள வா. மனுஷன் யார்கிட்டயும் பேச மாட்டேங்கறார்" என்றாள் அக்கா.

அவர் மேசை முன்னால் உட்கார்ந்து, வெறும் பலகையை, லைனை அணைப்பதுபோல ஒரு விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணைத்தான் அணைச்ச மாதிரி ஞாபகம். ஆனா ரெண்டையும் அணைச்சிருக்கேன் போல. ஒரு உசுரைக் குடிச்ச கைம்மா இது. இனிமே ஒயரைத் தொட மாட்டேன். நாளைக்கு விசாரணையில எழுதிக் குடுத்துட்டு வேலையை விட்டுடறேன்."

வேலை போனால் போகட்டும், இந்த மனிதர் செய்யாத கொலையைச் சுமந்துகொண்டே சாகப்போகிறாரே என்று நினைத்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். கேபிள் எட்டாமல் போனதை, அன்று ஓடிப்போய் மாற்றிச் செருகியதை, எதையும் விடவில்லை.

"அப்போ நான் ஒண்ணைத்தான் அணைச்சேனா?"

"ஒண்ணைத்தான் மாமா."

திரும்பவும் அதையே கேட்டார். மூன்றாவது தடவை கேட்கும்போது குரல் உடைந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அக்கா அவர் முதுகைத் தடவினாள். தங்கையின் பக்கம் திரும்பவே இல்லை.

"நாலு நாளா உனக்குத் தெரியுமா?" என்றார் கடைசியில்.

"தெரியும்."

அவள் கிளம்பினாள்.

மறுநாள் விசாரணை அறையிலிருந்து முதலில் வெளியே வந்தவர் அவர்தான். கதவை அவளுக்காகத் திறந்து பிடித்துக்கொண்டார்.

"உள்ள போங்க மேடம். உங்களைக் கூப்பிடறாங்க."