வியாழக்கிழமை வான்கோழி

வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு அன்புச்செல்வியின் வீட்டில் இருபது இலை விழும். கொழுந்தனார்கள், நாத்தனார்கள், அவர்கள் பிள்ளைகள் என்று கூட்டம் வாசல் வரைக்கும் நிற்கும். இந்த வருஷம் எல்லோரும் சேர்ந்து வேளாங்கண்ணிக்குக் கிளம்பிவிட்டார்கள். அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. கருமத்தம்பட்டிக்குப் பக்கத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவள் நர்ஸ். பண்டிகைக்கு மறுநாள் காலையிலேயே டியூட்டி. வீட்டில் அவளும், பள்ளிக்கூட வேன் ஓட்டும் கணவன் தமிழ்வேந்தனும்தான். அதே சுகாதார நிலையத்தில் மருந்தாளுநராக இருக்கும் சஃபியா தனியாக ரூம் எடுத்துத் தங்கியிருந்ததால் அவளையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள்.

"மூணு பேருக்கு ஒரு கிலோ பிராய்லர் போதுமே" என்றான் தமிழ்வேந்தன்.

"இருவது பேருக்குன்னா விக்கற வெலைக்கு வான்கோழிய நெனச்சே பாக்க முடியாது. இந்த வருஷமாச்சும் ஆக்கித் தின்னு பாப்பமே" என்றாள் அவள்.

வான்கோழி எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். சோமனூர் போகிற வழியில் கீதாவின் தோட்டத்தில் பத்துப் பதினைந்து மேய்ந்துகொண்டிருந்தன. கீதா மாமியாருக்குச் சர்க்கரை மாத்திரை வாங்க மாதா மாதம் சுகாதார நிலையத்துக்கு வருகிறவள். "ஏனுங்க சிஸ்டர், கோழி வேணும்னா சொல்லுங்க" என்று அவளே இரண்டு தடவை சொல்லியிருந்தாள். ஆனாலும் அன்புச்செல்வி தயங்கினாள். அவளுடைய அம்மா பழனியாத்தாள் பதினெட்டு வருஷம் களை வெட்டியது அதே தோட்டத்தில்தான். சின்ன வயதில் அம்மாவோடு போனால் மோட்டார் ரூம் வரைக்கும்தான் போகலாம். குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றால் அங்கே தனியாக ஓர் அலுமினியச் சொம்பு தொங்கும். கீதா அந்த வீட்டுக்கு மருமகளாக வருவதற்குள் அன்புச்செல்வி நர்சிங் படிக்கப் போய்விட்டாள். அதனால் கீதாவுக்கு அவள் வெறும் சிஸ்டர்தான்.

புதன்கிழமை காலையில் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனாள். கீதா கேட்டைத் திறந்து, "வாங்க சிஸ்டர், வாங்க" என்று வீட்டுக்குள் கூட்டிப் போய் சோபாவில் உட்கார வைத்து, டம்ளரில் மோர் கொடுத்தாள். குடித்து முடித்ததும் இருவரும் கொட்டகைக்குப் போனார்கள்.

பெரிய சேவல் ஒன்று வாலை விசிறியாக விரித்துக்கொண்டு முன்னால் வந்து நின்றது. "இதப் புடிச்சுக்குங்க. எட்டுக் கிலோவுக்குக் கொறையாது" என்றாள் கீதா.

அன்புச்செல்வி அதன் காலைப் பார்த்தாள். செதில் காய்ந்து, முள் விரல் நீளத்துக்கு வளர்ந்திருந்தது. "முத்திப்போச்சுங்க. வேகாது." மூலையில் ஒதுங்கி நின்ற ஒரு பொட்டைக் கோழியைக் காட்டினாள். கீதா அதைப் பிடித்து வந்து நீட்ட, இவள் நெஞ்செலும்பின் இரண்டு பக்கமும் விரலால் அமுக்கிப் பார்த்தாள். சதை திரண்டிருந்தது. கால் வழவழப்பாக இருந்தது. நாலு கிலோ தேறும்.

"நல்லாத்தான் பாக்கறீங்க. உங்களுக்குச் சொந்த ஊர் எதுங்க சிஸ்டர்?"

இந்தக் கேள்வி அவளிடம் நூறு தடவை வந்திருக்கும். எதற்காகக் கேட்கிறார்கள் என்பதும் தெரியும். வழக்கமாக, "இங்கதாங்க, கருமத்தம்பட்டி" என்று முடித்துவிடுவாள். அன்றைக்கு என்னவோ, "எங்கொம்மா பழனியாத்தாளுங்க. இந்தத் தோட்டத்துலதான் களை வெட்டுனாங்க" என்று சொல்லிவிட்டாள்.

கீதாவின் கையில் கோழி சிறகடித்தது. அதை இறுக்கிப் பிடித்தாள். கொஞ்ச நேரம் அவள் பேச்சில் சிஸ்டரும் இல்லை, மரியாதைக்குச் சேர்க்கும் 'ங்க'வும் இல்லை. "கயிறு அங்க இருக்குது" என்றாள். "கால் ரெண்டையும் சேத்துக் கட்டோணும்" என்றாள். கட்டி முடித்து ஸ்கூட்டியில் சாக்குக்குள் வைத்த பிறகுதான், "உங்கொம்மா இருக்காங்களா?" என்று கேட்டாள்.

"நாலு வருஷம் ஆச்சுங்க, தவறி."

"எனக்குத் தெரியாமப் போச்சுங்களே."

"யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க." பணத்தைக் கொடுத்துவிட்டு, வண்டியைக் கிளப்பும்போது வாய் தானாகச் சொன்னது: "நாளைக்கு மத்தியானம் வீட்டுக்கு வாங்க."

"வாரேனுங்க" என்றாள் கீதா. அப்படிச் சொல்லாதவர்கள் யார், சொல்லிவிட்டு வந்தவர்கள்தான் யார் என்று நினைத்துக்கொண்டே அன்புச்செல்வி வந்தாள்.

கிறிஸ்துமஸ் அன்று காலையில் கோழியை ஆசிப் கறிக்கடைக்குக் கொண்டு போனார்கள். அங்கே ஹலாலாக அறுத்தால்தான் சஃபியாவும் சாப்பிட முடியும். இறகு பறிக்கும் மிஷினுக்குள் அது அடங்கவில்லை. ஆசிப் திட்டிக்கொண்டே வெந்நீரில் முக்கிக் கையால் பறித்துக் கொடுத்தான். வீட்டில் மஞ்சள் தடவி, அடுப்புத் தணலில் தோலை வாட்டி, தமிழ்வேந்தன் துண்டு போட்டான். நெஞ்சுக்கறியைச் சின்ன வெங்காயம், விதை தட்டிய வரமிளகாய், தேங்காய்ப் பல் போட்டுக் கடலெண்ணெயில் வறுவல். காலும் எலும்பும் மல்லி மிளகு வறுத்து அரைத்த குழம்புக்கு. குக்கரில் நாட்டுக்கோழிக்கு வைக்கிற ஆறு விசில் வைத்துத் திறந்தாள். காலில் கத்தி இறங்கவில்லை. இன்னும் ஆறு வைத்தாள். கேஸ் தீர்ந்துவிடும் என்றான் அவன். தீர்ந்தால் தீரட்டும் என்றாள்.

ஒரு மணிக்குச் சஃபியா கேக்கோடு வந்தாள். மூன்று பேரும் உட்காரப் போகும்போது கேட்டருகில் வண்டி நின்றது. கீதா!

கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். உள்ளே வந்து, கிறிஸ்துமஸ் குடிலைப் பார்த்து, நாற்காலியில் உட்கார்ந்தாள். அன்புச்செல்வி இலை போட்டுக் குழம்புக் கரண்டியை எடுத்தாள்.

"சிஸ்டர், தப்பா நெனச்சுக்காதீங்க. இன்னிக்கு வியாழக்கிழமைங்க. சாய்பாபாவுக்கு விரதம். கறி தொட மாட்டேன்."

கரண்டி அப்படியே நின்றது. அன்புச்செல்விக்கு முகம் சுண்டிவிட்டது. இப்படி நல்ல காரணங்கள் அவளுக்குப் புதிதல்ல. கல்யாண வீட்டில் இப்போதுதான் சாப்பிட்டேன் என்பவர்களையும், டாக்டர் வேண்டாமென்று சொல்லியிருக்கிறார் என்பவர்களையும் பார்த்திருக்கிறாள். "பரவால்லீங்க" என்றாள். காப்பி குடிப்பாளா என்று கேட்கலாமா, அதுவும் வேண்டாமா என்று யோசித்தாள்.

"ரசம் இருக்குதுங்களா?" என்றாள் கீதா. "ரசமும் சோறும் இருந்தாப் போதும். பசிக்குது."

ரசம் இல்லை. அன்றைக்கு ரசத்தை யார் நினைத்தார்கள்! அன்புச்செல்வி அடுப்படிக்கு ஓடினாள். தக்காளியைப் பிசைந்து, புளி கரைத்து, மிளகையும் சீரகத்தையும் தட்டிப் போட்டாள். அவசரத்தில் பெருங்காயம் கொஞ்சம் அதிகமாகவே விழுந்தது. வெளியே சஃபியாவும் கீதாவும் சர்க்கரை மாத்திரை விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். வான்கோழி ஆறிக்கொண்டிருந்தது. தமிழ்வேந்தன் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

கீதா ரசத்தை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள். மூன்றாம் தடவை சோறு வாங்கியது தயிருக்கு. மற்ற மூவரும் கறியைச் சாப்பிட்டார்கள். வறுவல் பஞ்சாக வெந்திருந்தது. கால் கறி மட்டும் பன்னிரண்டு விசிலுக்குப் பிறகும் கொஞ்சம் வீம்பு பிடித்தது. "பல்லுக்கு வேலை இருக்குது" என்றாள் சஃபியா. கிளம்பும்போது கீதா வண்டியிலிருந்து மூடி போட்ட ஒரு தூக்குப்போசியை எடுத்து வந்தாள். "மாமியாருக்குக் கொஞ்சம் குடுங்க. நாள் கிழமை பாக்கறவங்க. ஃப்ரிட்ஜுல வெச்சு ஞாயித்துக்கிழமை தாரேன்."

அவள் போன பிறகு அன்புச்செல்வி இன்னொரு தட்டில் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டாள். முதல் தடவை என்ன சாப்பிட்டோம் என்பதே அவளுக்கு நினைவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் வந்தது.

"சிஸ்டர், மாமியாருக்குக் குழம்பு ரொம்பப் புடிச்சுப்போச்சுங்க. யாரு ஆக்குனதுன்னு கேட்டாங்க. சிஸ்டர்னேன். எந்த சிஸ்டர்னு கேட்டாங்க. பழனியாத்தா புள்ளைன்னு சொல்லிப்போட்டேன்."

அன்புச்செல்வி போனைக் காதோடு அழுத்தினாள். "அதுக்கு என்ன சொன்னாங்க?"

"தட்டப் பாத்தாங்க. அப்புறம் இன்னொரு துண்டு கேட்டாங்க."

"உப்பு சரியா இருந்துச்சுங்களா?"

"துளி தூக்கலுங்க" என்றாள் கீதா.