அமைதி அறைக்கு இறங்காத லிஃப்ட்

எங்கள் ஆஸ்பத்திரி லிஃப்டுக்கு உயிர் உண்டு. நம்பாதவர்கள் படிக்கட்டில் போகலாம். அதற்குள் முக்காலி போட்டுப் பொத்தான் அழுத்தியே தலை நரைத்தவன் நான். அதற்கு ரோஷமும் உண்டு.

கொள்ளைக் காய்ச்சல் வந்தபோது பிணவறை நிரம்பிவிட்டது. மிச்சப் பேரைக் கீழ்த்தளத்துப் பழைய துணிக்கிடங்கில், வெறுந்தரையில் கிடத்தினோம். ஒவ்வொருவரோடும் லிஃப்டில் இறங்கியவள் என் தம்பி மகள், இங்கேதான் நர்ஸ். கடைசியாக அவள் இறக்கியது, கூட வேலைபார்த்த சிநேகிதியை.

காய்ச்சல் போனது. நர்சுகளின் தூக்கத்தையும் எடுத்துக்கொண்டு போனது. எல்லோரும் சேர்ந்து கண்காணிப்பாளரிடம் கொஞ்ச நாள் லீவும், பேசித் தேற்ற ஒரு மனநல டாக்டரும் கேட்டார்கள். அவர் மனமிரங்கி ஓர் அறை கொடுத்தார். அமைதி அறை. நீலச் சுவர், மெத்தை நாற்காலிகள், ஒலிபெருக்கியில் அருவிச் சத்தம். காலியாக இருந்தது அந்தத் துணிக்கிடங்குதான், அதையே மாற்றிவிட்டார். அங்கே போய் உட்காராதவர்களுக்கு மனசு சரியில்லை என்று அர்த்தமாம், வார்டுக்குள் விடமாட்டார்களாம்.

மறுநாள் தம்பி மகள் வந்தபோது, வாசலில் காவலாளி அவள் நெற்றிக்கு நேரே நீட்டிய வெப்பமானி அலறியது. சந்தேகப்பட்டுக் கொதிக்கிற டீக் கெட்டிலைச் சோதித்தார். கெட்டில் சாதுவாக இருந்தது.

"பெரியப்பா, என்னைக் கீழ போகச் சொல்றாங்க."

"போறியா?"

"போனா பைத்தியம் புடிக்கும். போகலைன்னா பைத்தியம்னு வார்டை விட்டுத் தள்ளிருவாங்க. அந்த வார்டும் இல்லைன்னா எனக்கு என்ன இருக்கு?"

பொத்தானை அழுத்தினேன். லிஃப்ட் அசையவில்லை. மெக்கானிக் வந்து, பழுதே இல்லை என்றார். அவர் பார்த்த சமயம் என் கட்டைவிரல் நிறுத்தும் பொத்தானில் இல்லை.

கண்காணிப்பாளரே வந்துவிட்டார். "என்ன பெரியவரே, நாடகமா?"

"அதுக்குக் கோவம் சார். நீங்களும் ஏறுங்க, உங்க முகத்துக்காகப் போனாலும் போகும்."

போயிற்று.

அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்காட்டினார். "இவ்வளவுதாம்மா. மூச்சை இழுத்து விடு."

அவள் வாசலைத் தாண்டவில்லை. "அந்த எடத்துலதான் எக்ஸ்ரே எடுக்கிற அண்ணனைப் போட்டோம் சார்."

எழுந்து அடுத்த நாற்காலிக்கு மாறினார்.

"அங்க அவர் சம்சாரம்."

சுவரோரம் ஒதுங்கினார்.

"அங்க என் சிநேகிதி! வண்டி வர்ற வரைக்கும் தரையிலயே கெடந்தா. நீங்க வீட்டுல இருந்துக்கிட்டு, 'தைரியமா இருங்க'ன்னு போன்ல சொன்னீங்க. இப்ப நீங்க இருங்க சார்! தைரியமா இருங்க!"

அவள் போட்ட சத்தத்தில் நீலச் சுவர் கொப்புளித்தது. அருவி வாயை மூடிக்கொண்டது. கண்காணிப்பாளர் படிக்கட்டில் ஓடினார்.

அன்றே அறையைப் பூட்டினார்கள். தம்பி மகள் வார்டுக்குத் திரும்பினாள். லீவு மட்டும் இல்லை, ஆள் பற்றாக்குறையாம். ஆனால் கண்காணிப்பாளருக்கு மனவுளைச்சல் என்று சம்பளத்தோடு ஒரு மாதம் லீவு. மனநல டாக்டர் அவர் வீட்டுக்கே போகிறார்.

"அவர் கால் மணி நேரம்கூட அங்க உக்காரலையே பெரியப்பா! நாங்கல்லாம் என்ன கல்லா?"

இதற்கான பதில் லிஃப்டிடம் இருந்தது. நோயாளிகளையும் நர்சுகளையும் ஏற்றிக்கொண்டு நன்றாக ஓடுகிறது. உச்சிமாடி அலுவலகத்து ஆட்கள் காலை வைத்தால் மட்டும் செத்துவிடுகிறது. நேற்று பெரிய அதிகாரி ஒருவர் மூச்சு வாங்கிப் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டார். நர்சுகளின் லீவைப் பற்றிப் பேசலாம் என்றார்.

பேச்சை நம்பிக் கிளம்புகிற லிஃப்ட் இல்லை அது. உத்தரவு கையில் வரட்டும். அதுவரை படியேறுகிறவர்களுக்கு நான் கீழேயிருந்து தினமும் குரல் கொடுக்கிறேன்:

"மூச்சை இழுத்து விடுங்க சார். இவ்வளவுதான்."