திறந்துகொண்டிருக்கும் பாடம்

காலை எட்டு மணிக்கே அரெதேமா டீச்சர் எங்கள் தீவுப் பள்ளியின் வாசலில் நின்றாள். கல்வி அலுவலகத்துக் கபுரோரோ படகில் வந்து இறங்கியிருந்தார். கையில் ஒரு படிவம், பின்னால் காலிப் பெட்டிகள். பவளத்திட்டுக்கு வெளியே கப்பல் காத்து நின்றது.

உத்தரவில் சுற்றிவளைப்பு எதுவும் இல்லை. பள்ளியின் பன்னிரண்டு பழைய மடிக்கணினிகளிலும் புதிய இணையப் பாடம் திறக்க வேண்டும். ஒன்று அடம்பிடித்தாலும் பன்னிரண்டும் கப்பலேறி, தலைநகர் தராவாவில் குப்பைக்குப் போகும். பதிலுக்குப் புதியவை வருமாம். எப்போது என்று கேட்டால் எல்லோருக்கும் இருமல் வந்துவிடுகிறது. நவம்பரில் ஆறாம் வகுப்புத் தேர்வு, அதுவும் கணினியில்தான். கணினியைத் தொடாமல் போய் உட்கார்ந்தால் பிள்ளைகள் என்ன எழுதுவார்கள்? டீச்சருக்கு இரண்டு இரவாகத் தூக்கமில்லை.

அந்தக் கணினிகளின் வயது பிள்ளைகளின் வயதைவிட அதிகம். சில விசைகளில் எழுத்தே தேய்ந்துபோயிருந்தது. நினைவகம் ஒரு கையளவு. இன்றைக்குப் பாடம் எழுதுகிறவர்கள் ஒரு கூட்டல் கணக்குக்கே பத்துப் படங்களை ஆடவிடுகிறார்கள். இந்தக் கிழட்டு உலாவிக்கு அதெல்லாம் புரியாது, வெள்ளைத் திரையைக் காட்டிவிட்டு அப்படியே நின்றுவிடும். அதனால்தான் தராவாவில் கணினி வேலை பார்க்கும் யோவானே என்ற பையன் அந்தப் பாடங்களைப் பிரித்து மேய்ந்திருந்தான். ஆடும் படங்களை எடுத்துவிட்டு, புது நிரலைப் பழைய உலாவிக்கு விளங்கும்படி மாற்றி, சின்னப் பெட்டி ஒன்றில் போட்டு அதே கப்பலில் அனுப்பியிருந்தான். பெட்டியைச் சூரியத் தகட்டில் செருகினால் போதும், இணையம் வேண்டாம், கணினிகள் அதிலிருந்தே பாடத்தை எடுத்துக்கொள்ளும். முகவரியின் கடைசிச் சொல்லை மட்டும் நேற்றே தீவுகள் ஒன்றோடொன்று பேசும் வானொலியில் சொல்லியிருந்தான். கிறிஸ்துமஸ் விடுமுறையில் செய்த வேலை என்பதால் அந்தப் பெயரையே வைத்தானாம்.

டீச்சர் பெட்டியைச் செருகி, முகவரியைத் தட்டினாள். 'அப்படி ஒரு பக்கம் இல்லை' என்றது திரை. மறுபடி தட்டினாள். இல்லை. அடுத்த கணினியிலும் இல்லை.

கபுரோரோ பேனாவைத் திறந்தார். மனிதர் கெட்டவரில்லை. ஆனால் படிவத்தில் 'திறந்தது', 'திறக்கவில்லை' என்று இரண்டே கட்டம் இருந்தது.

"சார், ஒரு பத்து நிமிஷம். அந்தப் பையன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்."

"கேளுங்க டீச்சர். ஆனா கடல் நமக்காக நிக்காது. பதினொன்னரை தாண்டினா திட்டு மேல படகு போகாது."

டீச்சர் வானொலி அறைக்கு ஓடினாள். எங்கள் வானொலியில் ரகசியம் பேச முடியாது. ஒருவர் பேசினால் நான்கு தீவு கேட்கும்.

"யோவானே, உன் பெட்டி பல்லைக் காட்டுது. பக்கமே இல்லைங்குது."

"அக்கா, எழுத்துப் பிசகா இருக்கும். என்ன தட்டினீங்க? ஒவ்வொரு எழுத்தா சொல்லுங்க."

"கே, ஐ, ஆர், ஐ, டி, ஐ, எம், ஏ, டி, ஐ."

இரைச்சலுக்கு நடுவே யோவானேயின் குரல் வந்தது.

"டி எங்கக்கா வந்துச்சு? நான் எஸ் போட்டிருக்கேன். சொன்ன மாதிரியே, கிரிஸ்மஸ்."

டீச்சருக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. எங்கள் மொழிக்குப் பதின்மூன்றே எழுத்து, அதில் 'ஸ்' கிடையாது. டி, ஐ இரண்டையும் சேர்த்து எழுதிவிட்டு 'ஸ்' என்று வாசிப்போம். காதில் 'கிரிஸ்மஸ்' விழுந்தால் கை 'கிரிடிமடி' என்றுதான் எழுதும். இந்தத் தீவில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் அப்படித்தான் எழுதும். ஆக்லாந்தில் ஆங்கிலப் பள்ளிக்குப் போன யோவானேயைத் தவிர.

"அடப்பாவி! உங்கம்மா பொறந்த ஊருடா இது. ஒரு எஸ்ஸைக் கொண்டுவந்து எங்க பள்ளிக்கூடத்தையே கவுக்கப் பார்த்தியே!"

வேறு ஏதோ தீவிலிருந்து ஒரு பெண்குரல் குறுக்கே வந்தது. "நல்லாத் திட்டுங்க டீச்சர். என் கல்யாணப் பத்திரிகையிலயும் இதே வேலைதான் பண்ணான்."

எஸ் போட்டதும் பாடம் வந்தது. வந்தது என்றால், ஆடி அசைந்து வந்தது. ஒரு கணினியில் திறக்கப் பத்து நிமிடம் ஆனது. இரண்டை ஒன்றாகத் தொட்டால் பெட்டி மூச்சுத் திணறியது. டீச்சர் பிள்ளைகளை வரிசையில் உட்காரவைத்து, ஒன்று திறந்த பிறகே அடுத்ததைத் தொடவிட்டாள். கணினியில் ஓடும் மற்ற நிரல்களை எல்லாம் மூடச் சொன்னாள். கபுரோரோ ஒவ்வொன்றாகப் பார்த்து 'திறந்தது' கட்டத்தில் கோடு போட்டார். பதினொன்றாவது திறந்தபோது மணி பதினொன்று இருபது.

பன்னிரண்டாவதில் பாதித் தலைப்பு வந்து நின்றுவிட்டது.

கரையிலிருந்து படகோட்டி கத்தினான். "சார், தண்ணி இறங்குது! இப்பக் கிளம்பினாத்தான் உண்டு."

"இதோ."

"என்ன இதோ? திறக்கலைன்னு போட்டுட்டு எல்லாத்தையும் ஏத்துங்க. இதுக்குப் போய் எதுக்கு சார் மல்லுக்கட்டறீங்க?"

டீச்சர் கபுரோரோவின் பேனா முனையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் அந்தக் கணினிக்கு எதிரே பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். திரையின் கீழே ஒரு கோடு எறும்புபோல் நகர்ந்தது.

"திறக்கலைன்னு எப்படிப்பா எழுதறது?" என்றார் அவர். "திறந்துக்கிட்டிருக்கே."

படகோட்டி ஏதோ சொல்லிவிட்டுத் தனியாகக் கிளம்பினான். கொஞ்ச நேரத்தில் கப்பலின் ஊதல் கேட்டது, பிறகு தேய்ந்தது. அடுத்த கப்பல் வர ஐந்து வாரம் ஆகும். காலிப் பெட்டிகள் கரையிலேயே கிடந்தன. கபுரோரோ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பன்னிரண்டே காலுக்குப் பக்கம் முழுதாக வந்தது. அவர் கோடு போட்டார். பாடம் முதல் கணக்கைக் கேட்டது. அரையும் கால் பாகமும் சேர்ந்தால் எவ்வளவு? இரண்டு விரலால் தேடித் தேடி 'ஆறில் இரண்டு' என்று தட்டினார். சிவப்பு வந்தது.

"தப்பு சார்!" வகுப்பே குதித்தது.

டீச்சருக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்காமல் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அவசரப்படாதீங்க சார்," என்றாள். "ஐஞ்சு வாரம் இருக்கு. மறுபடி போடுங்க."