கிழிக்காத வியாழக்கிழமை

திருச்சுழி ரோட்டில் வண்டி நாற்பதைத் தாண்ட மாட்டேன் என்று அடம்பிடித்தது. முத்துராமலிங்கம் மிதித்து மிதித்துப் பார்த்தார். டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்ததுதான் மிச்சம். பக்கத்து சீட்டில் மடியில் லேப்டாப்போடு இருந்த ஜெயக்குமாருக்கு, கதவைத் திறந்து கருவேலங்காட்டுக்குள் குதித்து ஓடிவிடலாமா என்று இருந்தது. எங்கே ஓடுவது? ஓட்டுகிறவர் கூடப்பிறந்த அக்கா ஈஸ்வரியின் புருஷன். வண்டி அவருடையது. அதன் கம்ப்யூட்டரைத் தொட்டுக் கெடுத்த புண்ணியவான் இவன்.

"இன்னைக்கு இது சரியாகுற வரைக்கும் நீயும் எறங்கல, நானும் எறங்கல மாப்ள," என்றார் அவர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

ஒன்பது நாளாக இந்தக் கூத்து. ஜெயக்குமார் அருப்புக்கோட்டை பைபாஸில் கடை போட்டு நாலு வருஷமாக வண்டிகளுக்குப் பிக்கப் ஏற்றிக் கொடுக்கிறவன். இன்ஜினுக்கு எவ்வளவு டீசல், எவ்வளவு காற்று என்று முடிவு செய்கிற கம்ப்யூட்டருக்குள் வேறு ஃபைலை எழுதுவது அவன் தொழில். அந்தத் தொழிலில் ஒரே ஒரு சட்டம்தான். புதுசை எழுதுவதற்கு முன்னால், உள்ளே இருக்கிற கம்பெனி ஃபைலைப் படித்துச் சேமித்துக்கொள்ள வேண்டும். என்ன கோளாறு வந்தாலும் அதைத் திரும்ப ஏற்றினால் வண்டி பழையபடி ஆகிவிடும். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் இதைப் பெருமையாகச் சொல்லுவான். சொந்த மச்சான் வண்டிக்கு மட்டும் செய்யவில்லை. ஏன்? நல்ல நேரம் முடியப்போகிறதாம்!

முத்துராமலிங்கம் சுவரில் ஆணி அடிப்பதென்றாலும் காலண்டரைப் பார்த்துவிட்டுத்தான் சுத்தியலைத் தேடுவார். வண்டியை முந்தின நாளே கடையில் விட்டுவிட்டு, ஃபைல் ஏற்ற வேண்டிய வெள்ளிக்கிழமை விடியுமுன்னே அவர் மதுரைக்குப் போய்விட்டார். ஈஸ்வரிதான் போன் போட்டாள். "பத்தே முக்கால்ல இருந்து பதினொன்னே முக்கால் வரைக்கும் நல்ல நேரம்டா. அதுக்குள்ள முடிச்சிரு. அதுக்கு முந்தி வயரக்கூடச் சொருகாத. அவுகளுக்குத் தெரிஞ்சா என்னையத்தான் வைவாக."

முந்தின வண்டிக்காரர் பேசிப் பேசிக் கழுத்தறுத்ததில் மணி பதினொன்றே கால் ஆகிவிட்டது. பழைய ஃபைலைப் படித்தெடுக்க நாற்பது நிமிஷம் வேண்டும். புதுசை எழுத இருபது போதும். நம்ம மச்சான் வண்டிதானே, என்ன ஆகிவிடப்போகிறது என்று மதுரைக் கூட்டாளி அனுப்பியிருந்த ஃபைலை நேரே எழுதிவிட்டான். மடத்தனம். அதற்கு வேறு பேரே கிடையாது.

நாலாம் நாள் அக்கா மறுபடி கூப்பிட்டாள். போனில் ஒரே அழுகை. வெள்ளிக்கிழமை காலையில் காலண்டரில் முந்தின நாள் தாளைக் கிழிக்க மறந்திருக்கிறாள். அவள் பார்த்துச் சொன்னது வியாழக்கிழமை நேரம். வெள்ளிக்கு அது முழுக்க முழுக்க ராகு காலம்.

"அவுகட்ட மட்டும் சொல்லிராதடா. அம்மா மேல சத்தியம் பண்ணு."

பண்ணிவிட்டான். போன வருஷம் தோட்டத்தில் போர் போட நேரம் பார்த்துச் சொன்னவளும் அவள்தான். ஐந்நூறு அடி இறக்கியும் புழுதிதான் வந்தது. அதற்கப்புறம் ஆறு மாசம் முத்துராமலிங்கம் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. சோறு வைத்தாள், சாப்பிட்டார், கை கழுவினார், அவ்வளவுதான். இன்னொரு ஆறு மாசம் என்னால் முடியாது என்றாள்.

அன்றிலிருந்து ஜெயக்குமார் சொல்லாத பொய் பாக்கியில்லை. டர்போவுக்குப் போகிற காற்றுக் குழாயில் கசிவு என்றான். புகை விட்டுப் பார்த்தால் ஒரு பொட்டுக்கூடக் கசியவில்லை. சென்சார் அழுக்கு என்று கழற்றிக் கழுவினான். அப்புறம் டீசல் சரியில்லை என்று பங்க் மேல் பழியைப் போட்டான். லேப்டாப்பில் பிழையை அழித்தால் விளக்கு அணையும், கடை வாசலில் வண்டி சீறும். மூன்று கிலோமீட்டர் போனதும் விளக்கு எரியும், வண்டி பெட்டிப்பாம்பாய் அடங்கும்.

இப்போதும் அடங்கித்தான் கிடந்தது. வண்டி கிளம்பியதுமே நாலு கதவும் தாமாகப் பூட்டிக்கொண்டன. ஏ.சி. போட்டால் இழுவை இன்னும் போய்விடும் என்று அதையும் போடவில்லை. புழுதிக்காகக் கண்ணாடியை வேறு ஏற்றியிருந்தார். வேர்த்து ஊற்றியது. முதல் நாளே பார்த்திருக்க வேண்டியதை ஜெயக்குமார் அப்போதுதான் பார்த்தான். கம்ப்யூட்டர் பெட்டி மேல் இருந்த ஸ்டிக்கரைப் போனில் படம் பிடித்து வைத்திருந்தான். அந்த நம்பர் 41 என்று முடிந்தது. ஏற்றிய ஃபைலின் நம்பர் 47. அதே மாடல்தான், ஆனால் வேறு வருஷத்து வண்டிக்கு உள்ள ஃபைல். அது கேட்கிற காற்று வேறு, இந்த டர்போ தருகிற காற்று வேறு. இன்ஜின் உடைந்துவிடக் கூடாதே என்று கம்ப்யூட்டர் வேகத்தை அடக்குகிறது. அது தன் வேலையை ஒழுங்காகத்தான் பார்த்திருக்கிறது.

இனிமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது?

"மச்சான், தப்பு எம்மேலதான். வேற வண்டி ஃபைல ஏத்திட்டேன். பழசச் சேமிக்கவும் இல்ல. மதுரையில இதே நம்பர்ல ஒரு வண்டியப் பிடிச்சு அதுல இருந்து எடுத்து ஏத்திட்டா சரியாயிரும். ரெண்டு நாள் குடுங்க."

"அம்புட்டுத்தானா? இதுக்கா ஒம்பது நாளு?" முத்துராமலிங்கத்தின் முகம் தெளிந்தே விட்டது. "ஏன் சேமிக்கல?"

"அவசரப்பட்டுட்டேன்."

"என்ன அவசரம்?"

ஜெயக்குமார் லேப்டாப்பை மூடப் போனான். முத்துராமலிங்கம் லேப்டாப் பக்கம் லேசாகச் சாய்ந்தார். எழுதிய தேதியும் நேரமும் அதில் பளிச்சென்று கிடந்தன. மூடுவதற்குள் படித்துவிட்டார்.

"வெள்ளிக்கெழம பதினொன்னு இருவத்தி நாலு," என்றார். "ராகு காலத்துலயா மாப்ள?"

அக்காவின் அழுகை காதுக்குள் கேட்டது. "நாந்தான் காலண்டர் பாக்கல மச்சான்."

ஷேர் ஆட்டோ ஒன்று இவர்களை முந்திக்கொண்டு போனது.

"நாலு நாளைக்கு முந்தியே ஒங்கக்கா சொன்னா," என்றார். "ஒம்பதரைக்கெல்லாம் ஆரம்பிச்சிருன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னாளாம். ஒரு நாளும் ஏம் பேச்சக் கேக்காத பய, ராகு காலத்துலதான் தொட்டிருப்பான்னா. நான் நம்பல. ஏம் மாப்ள அப்படிச் செய்யுற ஆளு இல்லன்னு அவளப் பிடிச்சு வஞ்சேன். பாவம், அன்னைக்குப் பூரா அவ சாப்பிடல."

சத்தியம் வாங்கியவளே முந்திக்கொண்டுவிட்டாள். உண்மையைச் சொன்னால் அவள் இரட்டைப் பொய்க்காரி. சொல்லாவிட்டால், தன்னை நம்பிச் சண்டை போட்ட இந்த மனுஷனுக்கு இவன் துரோகி. கதவுப் பிடியில் கை போயிற்று. பூட்டியிருந்தது.

போன் அடித்தது. அக்கா என்று காட்டியது.

"எடு. ஒங்கக்காதான்," என்றார் முத்துராமலிங்கம், ரோட்டைப் பார்த்தபடி.

எடுத்தான். "அவுகட்ட ஒண்ணும் சொல்லிரலயேடா?" என்றாள் ஈஸ்வரி, மெதுவாக.

"இல்லக்கா."

"என்னவாம்?" என்று கேட்டார் அவர்.

"வண்டி சரியாயிருச்சான்னு கேக்குது மச்சான்," என்றான் ஜெயக்குமார்.