ஆவணத்துக்கு ஜோடி

பெரியவர்களுக்கான மாலைத் தமிழ் வகுப்பில் இன்று ஆளுக்கொரு சொல் எழுதிய சீட்டு கொடுத்தார்கள். சேரும் சொல்லை வைத்திருப்பவர் பக்கத்தில் போய் உட்கார வேண்டும். எனக்குக் ‘காப்பகம்’ வந்தது. அக்காவுக்கு ‘ஆவணம்’. அவள் எனக்குப் பார்த்த மாப்பிள்ளையை நான் வேண்டாமென்றதிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. இன்றைக்குப் பேசித்தானே ஆகவேண்டும் என்று ஓடிப்போய்ச் சீட்டை நீட்டினேன்.

“‘பழைய’ யார்கிட்ட இருக்கு?” என்று அவள் பலகையில் இருந்த சொற்களைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டாள்.

“என்கிட்டதாம்மா. ஆளும் பழசுதான்!” என்றார் எங்களோடு படிக்கும் வயதான தையல்காரர். வகுப்பே சிரித்தது.

“ஆவணக் காப்பகம் இன்னும் நல்லா சேருமே?” என்றார் டீச்சர்.

“எனக்கு இது போதும் டீச்சர்.”

அவள் தையல்காரர் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒருவேளை என் சீட்டை அவள் சரியாகப் பார்க்கவில்லையோ என்று வீடு வரும்வரை யோசித்தேன். இல்லை, படித்துவிட்டுத்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.