தகவல் பிழை

அச்சகத்தில் அவளுக்குப் பெயர் கொம்பு. எழுத்தில் விட்டுப்போன கொம்பு, கால், புள்ளி எதுவும் தன் கண்ணுக்குத் தப்பாது என்பதால் வந்த பெயர் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தலையில் கொம்பு முளைத்திருக்கிறது, அதனால் வைத்தது என்று பைண்டிங் ஆட்கள் சொல்வார்கள். இரண்டும் உண்மைதான். பதினாறு வருடமாகப் பிழை திருத்தும் வேலையில் சிவப்புப் பேனாவும் கையுமாக இருப்பவள். கல்யாணப் பத்திரிகையானாலும் பாடப் புத்தகமானாலும் அவள் பார்த்துக் கொடுக்காமல் மெஷின் ஓடாது.

அப்பேர்ப்பட்டவளின் மகள் பிழையோடு விண்ணப்பம் போட்டால் நாலு பேர் சிரிக்க மாட்டார்களா?

விண்ணப்பம், நகரத்திலேயே பெயர்பெற்ற அரசு மேல்நிலைப் பள்ளிக்கு. கட்டணம் கிடையாது. ஆனால் எண்பது இடத்துக்கு ஆயிரம் பேர் முட்டி மோதுவார்கள். நுழைவுத் தேர்வில் மகள் தேறிவிட்டாள். மிச்சம் ஒரு பக்கக் கட்டுரையும் நேர்காணலும்தான். ‘நான் மதிக்கும் ஒருவர்’ என்பது தலைப்பு. வீட்டில் வாயாடி என்று பெயரெடுத்த அந்தப் பெண், சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதி முடித்தாள். முதல் வரியே இப்படி: ‘என் அம்மாவுக்குத் தப்பு கண்டுபிடிப்பதுதான் வேலை, ஆபீசிலும் வீட்டிலும்.’

அப்பா படித்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். “நல்லாத்தானே இருக்கு. அப்படியே விடேன்.”

“நீங்க சும்மா இருங்க.”

ஒரே ஒரு புள்ளியை மட்டும் வைத்துக் கொடுக்கலாம் என்றுதான் அம்மா சிவப்புப் பேனாவைத் திறந்தாள். கை சும்மா இருக்குமா? புள்ளி வார்த்தையாகி, வார்த்தை வரியாகி, அரை மணி நேரத்தில் தாளே சிவந்துவிட்டது. தப்பு கண்டுபிடிக்கும் வேலை ‘மொழியின் தூய்மை காக்கும் அரும்பணி’ ஆயிற்று. ‘அம்மாவிடம் நல்ல பழக்கங்கள் கற்றேன்’ என்பது ‘உயரிய விழுமியங்களை உள்வாங்கினேன்’ ஆயிற்று. மகள் எல்லாவற்றையும் புதுத் தாளில் தன் கையெழுத்தில் எழுதினாள்.

“அம்மா, இது நான் எழுதின மாதிரியே இல்லையே.”

“அதனாலதான் நல்லா இருக்கு.”

வாயாடி அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. அதை அம்மா கவனித்திருக்க வேண்டும். கவனித்தது வேறொன்றை. படிவத்தின் அடியில் பெற்றோர் கையெழுத்திட வேண்டிய இடத்தில், ‘இக்கட்டுரையை வேறு எவரும் திருதவில்லை என உறுதியளிக்கிறேன்’ என்று அச்சாகியிருந்தது. ஒரு ‘த்’ விட்டுப்போயிருந்தது. சிவப்புப் பேனாவால் அதைச் சேர்த்து, ‘திருத்தவில்லை’ ஆக்கி, கீழே கையெழுத்துப் போட்டாள்.

நேர்காணல் அறையில் தலைமையாசிரியையும் ஒரு கணக்கு வாத்தியாரும் இருந்தார்கள். மகளுக்கு எதிரே நாற்காலி, அம்மாவுக்குச் சுவரோரம் ஒரு பெஞ்சு.

“நல்லா எழுதியிருக்கேம்மா,” என்றார் தலைமையாசிரியை. “விழுமியம்னு ஒரு வார்த்தை போட்டிருக்கியே, அப்படின்னா என்ன?”

மகள் விழித்தாள். பிறகு தைரியமாகச் சொன்னாள். “விழுந்தா எழுந்திரிக்கிறது, மேடம்.”

கணக்கு வாத்தியார் இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டார். பெஞ்சில் இருந்தவளுக்குக் காது மடல் எரிந்தது.

“தேறின பிள்ளைங்களோட அப்பா அம்மா அத்தனை பேரும் இந்த ஃபார்ம்ல கையெழுத்துப் போட்டிருக்காங்க,” என்று தலைமையாசிரியை படிவத்தைத் திருப்பினார். “எங்க அச்சுப் பிழையை ஒருத்தர்தான் பார்த்திருக்காங்க. அதுவும் எந்த வரியில பாருங்க!” குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. “இந்தக் கட்டுரையை நீயேதான் எழுதினியா பாப்பா?”

மகள் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அம்மா சட்டென்று குனிந்து கைப்பையில் எதையோ தேடினாள். பையில் தேடுவதற்கு ஒன்றுமே இல்லை.

“ஆமா மேடம். நான்தான்.”

பெற்ற பிள்ளை தனக்காகப் பொய் சொல்கிறது, தான் பைக்குள் கையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. வாயைத் திறந்தால் இடம் போய்விடும் என்ற பயம் வாயைக் கட்டியது.

“சரி. பக்கத்து ரூம்ல உட்கார்ந்து அதே தலைப்புல இன்னொரு தடவை எழுது. அரை மணி நேரம்.”

அரை மணி கழித்து மகள் தாளோடு திரும்பி வந்தாள். தலைமையாசிரியை படித்துவிட்டு அதை அவளிடம் நீட்டினார். “நீங்களும் படிச்சுப் பார்த்து, கீழ கையெழுத்துப் போடுங்க.”

அவள் படித்தாள். பழைய முதல் வரி அப்படியே திரும்பி வந்திருந்தது. வரிக்கு ஒரு பிழை. கண் ஒவ்வொன்றிலும் இடறி நின்றது, கை பேனாவை இறுக்கிக்கொண்டது. அசையாமல் படித்தாள். கடைசியில் இப்படி இருந்தது: ‘நான் எழுதுவதைப் படித்தால் அம்மாவின் முகம் மாறிவிடும். அம்மாவுக்குப் பிடித்த மாதிரி எழுத எனக்கு வரவில்லை. அது என் தவரு.’

எழுத்துகள் கலங்கின. நாலு தடவை படித்தாள். பிறகு சிவப்புப் பேனாவைத் திறந்து, கடைசி வரியில் ‘என்’ என்ற சொல்லை மட்டும் அடித்துவிட்டு, மேலே ‘அம்மாவின்’ என்று எழுதினாள். அருகில் தன் கையெழுத்தைப் போட்டாள்.

“அம்மா, திருத்தக் கூடாதுன்னுதானே சொல்றோம்!” என்று கணக்கு வாத்தியார் பதறினார்.

“இது எழுத்துப் பிழை இல்லைங்க சார். தகவல் பிழை.” அவள் தாளை மேஜைமேல் வைத்தாள். “முதல் கட்டுரை முழுக்க நான் எழுதினது. எழுதிட்டு, திருத்தலைன்னு கையெழுத்தும் போட்டேன். இப்ப அவ பொய் சொன்னப்பவும் பேசாம இருந்தேன். என் பிள்ளை எழுதினது இதுதான்.”

கணக்கு வாத்தியார் தாளை எடுத்துப் படிவத்தோடு சேர்த்து வைத்தார். “வெள்ளிக்கிழமை பட்டியல் ஒட்டுவோம், வந்து பாருங்க,” என்றார் தலைமையாசிரியை. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

வெளியே வந்து பஸ் நிறுத்தம்வரை மகளின் முகத்தைப் பார்க்க அவளுக்குத் துணிவில்லை. வாயாடிதான் முதலில் பேசினாள்.

“அம்மா, தவறுக்குச் சின்ன ‘ரு’வா, பெரிய ‘று’வா?”

“பெரிசு.”

“அய்யோ, அப்ப நான் சின்னதுல்ல போட்டுட்டேன்! நீ பார்க்கலையா?”

“பார்த்தேன்.” அவள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். “உன்னோடது சின்னதுதாம்மா. என்னோடதுதான் பெரிசு.”